வடியாத உதட்டு வீக்கம்: எல்லாம் அலர்ஜி அல்ல

உதடு வீங்கினால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பூச்சி கடித்திருக்கும், கத்தரிக்காய் சேரவில்லை, உடம்புச் சூடு. மருந்துக் கடையில் கேட்டால் அலர்ஜி என்று ஒரே பதில், கையில் ஒரு செட்ரிசின். பல நேரம் அதுவே போதும். ஒன்றிரண்டு நாளில் உதடு பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் சிலருக்கு வீக்கம் வடிவதே இல்லை. வாரங்கள் மாதங்களாகின்றன, மாதங்கள் வருடங்களாகின்றன. அவர்களும் அதே அலர்ஜி மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கத்தரிக்காய், கருவாடு, இறால், முட்டை என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கடைசியில் ரசம் சாதத்தில் வந்து நிற்கிறார்கள். உதடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. ஒரு மாதம் தாண்டியும் வடியாமல் நிற்கும் வீக்கத்தை உணவு அலர்ஜிக் கணக்கில் எழுதுவது பெரும்பாலும் தவறு. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது: வந்த வீக்கம் எத்தனை நாள் நின்றது?

அதற்குள் போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. உதட்டோடு நாக்கும் வீங்குகிறது, குரல் மாறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு இழுக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே நிமிடங்கள்தான் கணக்கு.

உதடு ஏன் இவ்வளவு சுலபமாக வீங்குகிறது?

உதட்டின் வெளிப்புறம் தோல், உட்புறம் வாயின் ஈரமான சவ்வு, நடுவில் வாயைச் சுற்றி வளையமாக ஓடும் ஒரு தசை. இவற்றுக்கிடையே இருக்கும் திசு தளர்வானது; ரத்தக் குழாய்களும் ஏராளம். கொஞ்சம் நீர் கோத்தாலே பளிச்சென்று தெரிந்துவிடும்.

டெல்டா பக்கத்து வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பாசன வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவருகிறது, மறுபக்கம் வடிகால் வாய்க்கால் மிச்சத்தை எடுத்துச் செல்கிறது. வயலில் தண்ணீர் தேங்கினால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். மடை திறந்துகொண்டு ஒரேயடியாகத் தண்ணீர் வந்திருக்கலாம். மடையை மூடினால் அது தானாக வடிந்துவிடும். இல்லாவிட்டால் வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டி, வண்டல் படிந்து அடைத்திருக்கலாம். அப்போது மடையை எத்தனை தடவை மூடினாலும் தண்ணீர் இறங்காது.

உதட்டிலும் இதே ஏற்பாடுதான். நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுவுக்கு வருகிறது. மிஞ்சியதைத் திருப்பி எடுத்துச் செல்பவை நிணநீர்க் குழாய்கள்: உடலெங்கும் ஓடும், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வடிகால்கள். திடீரென்று வந்து மறையும் வீக்கத்தில் கசிவு கூடியிருக்கிறது. வந்து தங்கிவிடும் வீக்கத்தில் திசுவே மாறி, வடிகாலும் கெட்டிருக்கிறது. செட்ரிசின் வேலை செய்யும் இடம் முதலாவது மட்டும்தான், அதுவும் அதில் ஒரு பகுதியில்தான்.

வந்து போகும் வீக்கம்

தோலுக்கடியில் ஆழத்தில் நீர் கசிந்து சில மணி நேரத்தில் புடைத்து, சில நாளுக்குள் தடமில்லாமல் மறைவதை ஆஞ்சியோஎடீமா என்கிறார்கள். அலர்ஜி இதற்கு ஒரு காரணம். அதில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. அரிப்பும் தோலில் தடிப்பும் பெரும்பாலும் கூடவே இருக்கும். அலர்ஜி மாத்திரைக்குக் கட்டுப்படும்.

ஆனால் எல்லா ஆஞ்சியோஎடீமாவும் ஹிஸ்டமினால் வருவதில்லை. பிராடிகினின் என்று இன்னொரு பொருளும் அதே வேலையைச் செய்யும். இங்கே அரிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது, அலர்ஜி மாத்திரை ஒன்றும் செய்யாது. இதற்கு நம் வீடுகளில் அடிக்கடி காரணமாக இருப்பது ரத்த அழுத்த மாத்திரை. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மருந்துகள் உடலில் பிராடிகினின் சிதைவதைத் தடுக்கின்றன. இவற்றைச் சாப்பிடுபவர்களில் ஆயிரத்தில் ஒரு சிலருக்கு உதடும் முகமும் வீங்கும். மாத்திரை தொடங்கிய வாரத்தில்தான் வரவேண்டும் என்பதில்லை. பல வருடம் சாப்பிட்டபின்னும் வரும். "இதைப் பத்து வருஷமா சாப்பிடுறேன் டாக்டர், இதனால இருக்காது" என்று சொல்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த தடவை வீக்கம் தொண்டைக்குப் போகலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து வாங்க வேண்டும்.

பரம்பரையாக வரும் வகையும் உண்டு. அதில் சி1 இன்ஹிபிட்டர் என்ற ரத்தப் புரதம் குறைவாக இருக்கும், அல்லது சரியாக வேலை செய்யாது. சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியது. வீக்கம் 2 முதல் 5 நாள் நிற்கும். கூடவே தாங்க முடியாத வயிற்று வலி வந்துபோவதும் உண்டு. வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இதேபோல் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது: சில நாளில் முழுவதும் மறைந்துவிடும் வீக்கம், கசிவால் வருவது. அரிப்பும் தடிப்பும் இருந்தால் அலர்ஜியை நினைக்கலாம். இல்லாவிட்டால் மாத்திரைச் சீட்டையும் குடும்ப வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

வந்து தங்கும் வீக்கம்

இனி வருவதுதான் முக்கியம். நாள்பட்ட உதட்டு வீக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நோய்களில் அதிகம் தவறவிடப்படுவது கிரானுலோமேட்டஸ் கீலைட்டிஸ். கீலைட்டிஸ் என்றால் உதட்டின் அழற்சி (அழற்சி என்பது அலர்ஜி அல்ல; உடலின் எதிர்ப்பால் திசு சிவந்து வீங்குவது). கிரானுலோமா என்பது என்ன?

நம் உடலில் கிருமிகளையும் அழுக்கையும் விழுங்கித் தீர்க்கும் வெள்ளை அணுக்கள் உண்டு. எதையோ விழுங்க முடியாமல், விடவும் முடியாமல் அவை திணறும்போது ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அதைச் சுற்றி வளைக்கின்றன. சில அணுக்கள் ஒன்றாகக் கலந்து ராட்சத அணுக்களாகவும் ஆகின்றன. இப்படித் திரண்ட சிறு முடிச்சுதான் கிரானுலோமா. காசநோயில் இந்த முடிச்சுக்குக் காரணம் தெளிவு: உள்ளே கிருமி இருக்கிறது. கிரானுலோமேட்டஸ் கீலைட்டிஸில் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. நோய் எதிர்ப்பு அமைப்பு எதற்கோ மிகையாகப் பதில் சொல்கிறது என்பதுவரை தெளிவாகியிருக்கிறது. முடிச்சுகள் நிணநீர்க் குழாய்களின் பக்கத்திலும் சில சமயம் உள்ளேயும் உட்கார்ந்துகொள்வதால் வடிகால் அடைபடுகிறது. நீர் தேங்கத் தேங்க நார்த்திசு வளர்ந்து உதட்டைக் கெட்டிப்படுத்துகிறது.

இந்த நோய் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் ஏன் அலர்ஜி என்று ஏமாறுகிறோம் என்பது விளங்கும். முதல் தடவை வரும்போது அலர்ஜியைப் போலவேதான் இருக்கும். காலையில் எழுந்தால் மேலுதடு தடித்திருக்கும், வலி பெரிதாக இருக்காது, சில மணி நேரத்திலோ சில நாளிலோ வடிந்துவிடும். சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி வரும். இந்தத் தடவை இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். மூன்றாவது, நான்காவது தடவைக்குப் பிறகு முழுவதும் வடியாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். ஆரம்பத்தில் பஞ்சு போல இருந்த உதடு போகப் போக ரப்பர் மாதிரி ஆகிவிடும். நடுவில் செங்குத்தாக வெடிப்பு விழும். காரம் பட்டால் எரியும். டம்ளரில் வாய்வைத்துக் குடித்தால் ஓரத்தில் வழிகிறது. ப, ம போன்ற எழுத்துகளைச் சொல்லும்போது உதடு சரியாக மூடுவதில்லை. கல்யாண வீட்டில் போட்டோவுக்குக் கூப்பிட்டால் ஒதுங்கிப் போகிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்தானே என்று மற்றவர்கள் சொல்லலாம், முகத்தில் சுமப்பவருக்கு அது ஆறுதல் ஆகாது.

இந்த நோய் புதிதும் அல்ல. 1928இல் ஸ்வீடன் மருத்துவர் எர்ன்ஸ்ட் மெல்கர்சன், முகவாதமும் (முகத் தசை செயலிழந்து வாய் கோணுவது) முக வீக்கமும் சேர்ந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். 1931இல் ஜெர்மன் மருத்துவர் கர்ட் ரோசன்தால் இவற்றோடு நாக்கில் ஆழமான பிளவுகள் இருப்பதையும் சேர்த்தார். இந்த மூன்றும் சேர்ந்தால் மெல்கர்சன்–ரோசன்தால் நோய்த்தொகுப்பு. சூரிச்சின் தோல் மருத்துவர் குய்டோ மீஷர் 1945இல் உதடு மட்டும் வீங்கும் வகையை விவரித்தார். மூன்றும் ஒருவருக்கே ஒரே நேரத்தில் வருவது குறைவு. முகவாதம் வந்து சரியாகி வருடங்கள் கழித்து உதடு வீங்கலாம். "முன்பு எப்போதாவது வாய் கோணியதா?" என்று மருத்துவர் கேட்பது இதனால்தான்.

உதட்டோடு நின்றுவிடாத கேள்வி

ஒருவரின் உதட்டில் கிரானுலோமா இருப்பது தெரிந்துவிட்டது. சரி, வேலை முடிந்ததா என்றால் இல்லை. அது உதட்டில் மட்டும்தானா, வேறெங்கோ இருக்கும் நோயின் ஒரு முனையா என்று பார்க்க வேண்டும்.

முதலில் குடல். கிரோன்ஸ் என்பது குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் நோய். அதிலும் இதே போன்ற கிரானுலோமாக்கள் வரும். குடலில் ஒரு தொந்தரவும் தெரியாத காலத்திலேயே உதடு வீங்கத் தொடங்கிவிடலாம், வயிற்றுப் பிரச்சினை சில வருடம் கழித்து வெளிப்படலாம். குழந்தைகளிடமும் பதின்பருவத்தினரிடமும் இந்தத் தொடர்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் ஒரு பையனுக்கு உதடு வீங்கி வடியவில்லை என்றால் அவன் உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறுகிறதா, அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டா, மலத்தில் ரத்தம் போகிறதா, வாயில் புண் வந்து வந்து போகிறதா என்று கேட்க வேண்டும். உதட்டைப் பார்க்க வந்தவரிடம் ஏன் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பெற்றோர் எரிச்சல்படத் தேவையில்லை.

அடுத்தது சார்காய்டோசிஸ். நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் கிரானுலோமா உண்டாக்கும் நோய் அது. பிறகு காசநோயும் தொழுநோயும். மேற்கத்தியப் பாடநூல்களில் இவை ஒரு வரியில் முடிந்துவிடும். இந்தியாவில் அப்படிக் கடந்துபோக முடியாது. இரண்டுக்கும் மருந்து உண்டு, இரண்டையும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்து மூடி மறைத்தால் மோசமாகும்.

ஆக, உதட்டில் கிரானுலோமா தெரிந்தபின் குடல், நுரையீரல், தோல், முகநரம்பு என்று ஒரு சுற்று பார்த்து, எதுவும் இல்லை என்றான பிறகே இது உதட்டோடு நிற்கும் நோய் என்று முடிவுக்கு வருவார்கள்.

கிரானுலோமா இல்லாத காரணங்கள்

சுருக்கமாக இவற்றையும் சொல்லிவிடலாம். லிப்ஸ்டிக், லிப் பாம், பற்பசையின் வாசனைப் பொருள் ஆகியவை ஒத்துக்கொள்ளாமல் உதடு சிவந்து, செதில் உரிந்து, தடித்திருக்கலாம். நிறுத்திப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உறுதி செய்ய முதுகில் பட்டை ஒட்டி 2 நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் உண்டு. கீழுதட்டின் உட்புறத்துச் சின்னச் சின்ன எச்சில் சுரப்பிகள் வீங்கி, அமுக்கினால் கோழை போல வெளிவருவது இன்னொரு வகை. பிறந்ததிலிருந்தே தடித்திருந்தால் ரத்தக் குழாய் அல்லது நிணநீர்க் குழாய்க் கோளாறாக இருக்கலாம். சூடாக, வலியோடு, ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் பல் வேரில் சீழ். அழகு சிகிச்சையில் உதட்டை எடுப்பாக்கப் போடும் ஃபில்லர் ஊசி, போட்டுப் பல மாதம் கழித்தும் முடிச்சு கட்டலாம். கேட்காவிட்டால் பலர் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். வெயிலில் உழைப்பவர்களுக்கும் புகையிலை போடுபவர்களுக்கும் உதட்டில் கெட்டியான தடிப்போ புண்ணோ வந்து 3 வாரத்தில் ஆறவில்லை என்றால், அது புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தோல் மருத்துவரிடமோ, பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் வாய் நோய்ப் பிரிவிலோ தொடங்கலாம். போகும்போது கையில் இருக்க வேண்டியது செல்போனில் எடுத்த படங்கள். வீக்கம் ஏறியபோது ஒன்று, இறங்கியபோது ஒன்று, ஒரே வெளிச்சத்தில், நேராகவும் பக்கவாட்டிலும். தேதி தானாகவே பதிவாகிவிடும். மூன்று மாதப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாலே வந்து போகும் வீக்கமா, தங்கும் வீக்கமா என்பது மருத்துவருக்குப் பிடிபட்டுவிடும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு உதட்டை இரு விரலுக்கிடையே பிடித்து உருட்டிப் பார்ப்பார். வெறும் நீரா, கெட்டித்துவிட்டதா, தனி முடிச்சு இருக்கிறதா என்பது விரலுக்குத் தெரியும். நாக்கை நீட்டச் சொல்வார், ஈறு, கன்னத்தின் உட்புறம், பற்கள் எல்லாவற்றையும் பார்ப்பார். பிறகு ரத்தப் பரிசோதனை: அணுக்களின் எண்ணிக்கை, இரும்புச் சத்து, பி12, அழற்சியின் அளவு. குடல் சரியாக உறிஞ்சவில்லை என்றால் சத்துக் குறைவு இங்கே தெரியும். வந்து போகும் பரம்பரை வகையோ என்ற சந்தேகம் இருந்தால் சி4 என்ற புரதத்தின் அளவு. கூடவே மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான தோல் பரிசோதனை. குடல்மேல் சந்தேகம் வந்தால் முதலில் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளப்பார்கள். அது கூடியிருந்தால் குடலில் அழற்சி இருக்கலாம் என்று பொருள். அதற்குப் பிறகுதான் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது.

முடிவைத் தருவது பெரும்பாலும் பயாப்ஸி, அதாவது ஒரு துளி சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் நடப்பது இவ்வளவுதான்: உதட்டின் உட்புறத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி சுருக்கென்று குத்தும், அதன்பின் வலி இல்லை. சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் துண்டு எடுத்து ஓரிரு தையல் போடுவார்கள். உட்புறத்தில் எடுப்பதால் வெளியே தழும்பு தெரியாது. மேலோட்டமாக எடுத்தால் பயனில்லை, கிரானுலோமா தசைக்குப் பக்கத்தில் ஆழத்தில் இருக்கலாம். ஆய்வகத்தில் காசநோய்க் கிருமிக்கும் பூஞ்சைக்கும் தனித்தனியாகச் சாயமேற்றிப் பார்ப்பார்கள்.

முதல் பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. ஆரம்பக் கட்டத்தில் வெறும் நீர்க்கோப்பும் கொஞ்சம் வெள்ளை அணுக்களும்தான் இருக்கும். முடிச்சு பிறகுதான் திரளும். அப்போது நோயின் போக்கை வைத்து முடிவெடுப்பார்கள், தேவைப்பட்டால் சில மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள். 'ரிப்போர்ட் நார்மல்' என்று வந்ததை வைத்து நோயே இல்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

கடையில் வாங்கும் ஸ்டீராய்டு

இதைத் தனித் தலைப்பில் எழுதக் காரணம் உண்டு. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. போட்டால் உதடு இறங்கவும் செய்யும். உடனே 'பார்த்தீர்களா, அலர்ஜிதான்' என்ற முடிவு. ஸ்டீராய்டு பெரும்பாலான வகை அழற்சியையும் அடக்கும், கிரானுலோமாவையும் சேர்த்துத்தான். இறங்கியது அலர்ஜிக்குச் சாட்சி ஆகாது. நிறுத்தியதும் வீக்கம் திரும்பும், மறுபடி மாத்திரை, மறுபடி வீக்கம். இதற்கிடையில் சர்க்கரை ஏறுகிறது, எலும்பு பலவீனமாகிறது, எங்காவது காசநோய் ஒளிந்திருந்தால் அது தலைதூக்குகிறது. பயாப்ஸிக்குச் சற்று முன்பு சாப்பிட்டிருந்தால் முடிச்சுகள் கலைந்து நோய் பிடிபடாமலே போகும்.

சிகிச்சை

கிரானுலோமேட்டஸ் கீலைட்டிஸை ஒரேயடியாகத் தீர்த்துவிடும் மருந்து கிடையாது. கட்டுக்குள் கொண்டுவர வழிகள் இருக்கின்றன. அவை பலருக்கு நன்றாகவே பயன்படுகின்றன.

முதலில் பெரும்பாலும் செய்வது, ஸ்டீராய்டை உதட்டுக்குள்ளேயே ஊசியாகப் போடுவது. ட்ரையாம்சினலோன் என்ற மருந்து. உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை முதலில் மரக்க வைத்துவிட்டு, உட்புறமாகப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். சில வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டியிருக்கும். மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே நிற்பதால் உடம்பு முழுக்க வரும் பக்கவிளைவு குறைவு. ஸ்டீராய்டு மாத்திரை திடீரென்று ஏறிய வீக்கத்தை இறக்கக் குறுகிய காலத்துக்கு மட்டும்.

வீக்கம் திரும்பத் திரும்ப வந்தால் மாத்திரைகள் சேர்க்கப்படும். மினோசைக்ளின், டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இதற்குப் பயன்படுகின்றன. பெயரைப் பார்த்து 'இன்ஃபெக்‌ஷனா?' என்று குழம்ப வேண்டாம். அழற்சியைத் தணிக்கும் குணத்துக்காகவும் இவற்றைக் கொடுப்பார்கள். குளோஃபசிமின் இன்னொன்று. இது தொழுநோய்க் கூட்டு மருந்தில் இருப்பதால் அட்டையைப் பார்த்துவிட்டுப் பதறியவர்கள் உண்டு. தொழுநோய் இருப்பதாகப் பொருள் இல்லை. தோல் கொஞ்சம் செம்பழுப்பாக மாறும், மருந்தை நிறுத்தினால் மெதுவாகப் பழைய நிறம் திரும்பும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதியில் நிறுத்துவது குறையும்.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் சில மருத்துவமனைகள் பட்டையையும், பென்சோயேட் என்ற பதப்படுத்தும் உப்பு சேர்ந்த உணவுகளையும் சுமார் 12 வாரம் நிறுத்திப் பார்த்ததில் சிலருக்கு வீக்கம் குறைந்தது. நம் கணக்கில் பிரியாணிப் பட்டை, கரம் மசாலா, பட்டை வாசனையுள்ள பற்பசையும் சூயிங்கமும், பாட்டில் குளிர்பானம், சாஸ், ஸ்குவாஷ். எல்லோருக்கும் பலிக்காது. 12 வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வளரும் பிள்ளைகளுக்கு உணவியல் நிபுணரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

கிரோன்ஸ் இருப்பது தெரிந்தால் சிகிச்சையின் மையம் குடலுக்குப் போய்விடும். குடலுக்குக் கொடுக்கும் மருந்திலேயே பலருக்கு உதடும் இறங்கும். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஊசிகள் கடினமான நிலையில் உதவுகின்றன. விலை அதிகம், உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக் கூடியவை என்பதால் அதற்கான பரிசோதனை முடிந்த பிறகே தொடங்குவார்கள்.

கெட்டித்துப்போன உதட்டை மருந்து மட்டும் முழுவதும் இறக்காது. நார்த்திசு கரையாது. பேசுவதற்கும் சாப்பிடுவதற்கும் தடையாக இருந்தால், அல்லது அந்த உதட்டோடு வெளியே போக முடியவில்லை என்றால், உட்புறமாக மிகுதித் திசுவை வெட்டியெடுத்து உதட்டைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை உண்டு. இதில் நேரம் முக்கியம். நோய் சுறுசுறுப்பாக இருக்கும்போது வெட்டினால் வீக்கம் மறுபடி நிரம்பிவிடும். பல மாதம் புதிய வீக்கம் எதுவும் இல்லாமல் அடங்கியிருப்பதை உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் செய்வார்கள். செய்த பின்னும் சில காலம் ட்ரையாம்சினலோன் ஊசியைத் தொடர்வது வழக்கம்.